நாலு முனைக் கம்பி

கோயில் கேமராவைப் பழுதுபார்க்க வந்திருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும் மனோகரனுக்குப் பாதிக் கவலை தீர்ந்தது. பெண்களுக்கு மின்சாரமும் அரசியலும் ஏறாது என்பது, கோயில் செயலாளராக இத்தனை வருடங்களில் அவர் வந்தடைந்திருந்த முடிவுகளில் ஒன்று. அவருடைய மற்ற முடிவுகளும் ஏறக்குறைய இதே தரத்தவைதான்.

மீதிப் பாதிக் கவலைக்குக் காரணம் அவளைக் கூட்டி வந்த ஆள். கோயில் தலைவர் குமரப்பன் தம் காரிலிருந்து இறங்கி, பின்னால் வந்த மைவி காரின் கூரையிலிருந்து ஏணியை இறக்க அவளுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். தம் மனைவிக்காகக்கூட அவர் ஒரு தேங்காய்ப் பையைத் தூக்கி யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர் ஏணியைத் தூக்குகிறார் என்றால், யாரையோ இறக்கப்போகிறார் என்று பொருள். அந்த யாரோ தாம்தான் என்பதில் மனோகரனுக்குச் சந்தேகமே இல்லை.

ஜொகூரில் இருந்த மெராவான் தோட்டம் போய்விட்டது. செம்பனை நின்ற இடத்தில் ஜன்னல் இல்லாத வெள்ளைக் கட்டடங்களாக டேட்டா சென்டர்கள் எழும்பிவிட்டன. தோட்டத்து அம்மன் கோயில் மட்டும் செடெனாக் போகும் சாலையோரம் பழைய இடத்திலேயே நிற்கிறது. தோட்டத்தில் உழைத்தவர்களின் பிள்ளைகள் இப்போது கூலாயிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் வந்து கும்பிட்டுப் போகிறார்கள். கும்பிட வருகிறவர்கள் ஒரு கூட்டம். கோயிலை நடத்துகிறவர்கள் இரண்டு கூட்டம். செட்டிநாட்டு வழிவந்தவரும் கூலாயில் இரும்புக்கடை வைத்திருப்பவருமான குமரப்பன் ஒரு கட்சி. தோட்ட அலுவலகக் கிராணியின் மகனும் காப்புறுதி முகவருமான மனோகரன் மறு கட்சி. இருவரும் நேருக்கு நேர் பேசி நெடுநாளாகிறது. நிர்வாகக் கூட்டத்தில் "தலைவர் அவர்களுக்குச் சொல்லிக்கொள்வது" என்று ஒருவர் சுவரைப் பார்த்துத் தொடங்குவார். "செயலாளருக்குத் தெரியவேண்டியது" என்று மற்றவர் மின்விசிறியைப் பார்த்துப் பதில் சொல்வார். கொள்கைச் சண்டை என்றுதான் இருவருமே சொல்லிக்கொள்வார்கள். கொள்கை என்னவென்றால், கோயிலின் எந்தப் பொருளில் யார் பெயரை எழுதுவது என்பது.

கேமரா வந்ததும் அந்தக் கொள்கையின்படிதான். கோயில் மணிகள் திருட்டுப்போன பிறகு, பாசிர் கூடாங் பக்கம் ஏதோ தொழிற்சாலை கழற்றிப் போட்ட பழைய கேமரா ஒன்றைக் குமரப்பன் பெட்டியோடு வாங்கி வந்தார். கைப்பேசியில் விரலால் ஆட்டுகிற இந்தக் காலத்துச் சாதனம் அல்ல அது. படத்துக்கு ஒரு கம்பி, ஆட்டுவதற்கு ஒரு கம்பி. வாசலருகே காவல் அறையில் ஒரு ஜாய்ஸ்டிக். தள்ளினால் கேமரா திரும்பும், விட்டால் நிற்கும். மண்டபத்துக்கு முன்னால் உயரமான கம்பம் நட்டு அதன் உச்சியில் கேமராவைப் பொருத்தி, கம்பத்தில் 'உபயம்: குமரப்பன் குடும்பத்தார்' என்று கேமராவைவிடப் பெரிய எழுத்தில் எழுதிவைத்தார் தலைவர். மனோகரன் விடுவாரா? கம்பி முழுவதும் தம் உபயம் என்றார். கம்பியில் பெயர் எழுத இடமில்லை என்பதை அவர் பிறகுதான் கவனித்தார். அந்த ஆறாத புண் இன்னும் இருக்கிறது.

காவல் அறையில் உட்கார்ந்திருந்தவர் சின்னத்தம்பி, கோயிலின் ஜாகா, அதாவது காவலாளி. ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். குமரப்பன் சிபாரிசில் வேலைக்கு வந்தவர். வேறு குற்றம் எதுவும் அவர்மேல் அதுவரை இருந்ததில்லை.

தீமிதிக்கு நோன்பிருக்கும் பெண்கள் மாலையில் மஞ்சள் நீர் ஊற்றிக்கொள்ள, கோயிலின் பின்புறம் தகரம் அடைத்த குளியலிடம் ஒன்று உண்டு. தரையிலிருந்து பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும். நோன்புப் பெண்களுக்கெல்லாம் மூத்தவளான ராஜம்மா ஒரு மாலை தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நிமிர்ந்தபோது கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்தும் அப்படியே. மூன்றாம் முறை அவள் ஈரச் சேலையோடு நேரே காவல் அறைக்குப் போய்க் கதவைத் தள்ளினாள். திரையில் குளியலிடம். எதிரே, ரொட்டியைத் தேநீரில் தோய்த்தபடி சின்னத்தம்பி.

"நான் திருப்பலக்கா. அதுவா போய் நிக்கிது. இந்தப் பக்கம் இழுத்தாலும் வரமாட்டேங்குது."

"அதுவா போகுதா? அதுக்கென்ன மீசை முளைச்சிடுச்சா?" என்றாள் ராஜம்மா.

மூன்று வயர்மேன்கள் வந்து பார்த்தார்கள். மூவரும் பகலில் வந்தார்கள். பகலில் கேமரா பசுமாடு போல் இருந்தது. தள்ளினால் திரும்பியது, விட்டால் நின்றது. ஒருவர் ஆட்டும் கம்பிக்குள் இருந்த இரண்டு இழைகளையும் இடம் மாற்றிக் கட்டினார். கேமரா அசையவே இல்லை. அடுத்தவர் அதைப் பழையபடி மாற்றிக் கட்டிவிட்டு, பழுது தீர்ந்தது என்றார். மூன்றாமவர் மின்சாரப் பெட்டியை மாற்றினார். மெஷினில் ஒன்றும் இல்லை என்று மூவரும் சொன்னார்கள். மெஷின் நன்றாக இருந்தால் மனிதன்தானே கெட்டிருக்க வேண்டும்? ஒழுக்கக் கேட்டுக்காக ஜாகா வேலையிலிருந்து நிறுத்தப்படுகிறார் என்று மனோகரன் ஒலிபெருக்கியில் ஊரறிய அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். சின்னத்தம்பியை நிரந்தரமாக நீக்கி, போலீஸிலும் புகார் கொடுப்பது என்று தீர்மானம் தயாராக இருந்தது. ஜாகாவின் மானம் போனால் அவரைக் கொண்டுவந்த தலைவரின் மானமும் சேர்ந்து போகும் என்பது மனோகரனின் கணக்கு. அந்தக் கணக்கில் சின்னத்தம்பி வெறும் மைனஸ் குறி. கோயிலுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி கஸ்தூரி அதன் பிறகு சந்தைப் பக்கம்கூடப் போகவில்லை. இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அவர்கள் மகளுக்கு வகுப்பில் 'கேமரா' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இது ஊருக்குத் தெரிந்த கதை. மனோகரனுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு.

தொழிற்சாலைப் பெட்டியில் மூன்று ஜாய்ஸ்டிக்குகள் இருந்தன. ஒன்று காவல் அறைக்குப் போக, மற்றவை சாமான் அறையில் கிடந்தன. அதில் ஒன்றை மனோகரன் எடுத்துக்கொண்டார். சிங்கப்பூரில் வயரிங் வேலை பார்க்கும் மச்சினர் மகன் ஜீவனை வைத்து, கேமராக் கம்பியிலிருந்து ஒரு கிளை இழுத்துத் தம் அறையில் மாட்டிக்கொண்டார். படத்துக்கு ஒரு சின்னத் திரை. நோக்கம் பாதுகாப்பு, அதாவது தம் பதவியின் பாதுகாப்பு. மாலை வேளைகளில் மண்டப வாசலில் குமரப்பன் யாரோடு நின்று பேசுகிறார், யார் அவர் காரில் ஏறுகிறார், போன தேர்தலில் தமக்கு ஓட்டுப் போட்ட எவர் இப்போது அவரைப் பார்த்துச் சிரிக்கிறார் என்பதையெல்லாம் அறையைப் பூட்டிக்கொண்டு பார்ப்பார்.

"படிக்கட்டுல ரெண்டு சுவிட்சு, ஒரு லைட்டு இருக்கில்ல மாமா, அந்த மாதிரிதான். யாருக்கும் தெரியாதுலா," என்று ஜீவன் சொல்லியிருந்தான்.

சில மாலைகளில் ஜாய்ஸ்டிக்கை விட்ட பிறகும் கேமரா நிற்காமல் திரும்பிக்கொண்டே போய்க் குளியலிடத்தில் நின்றதை மனோகரன் கண்ணால் கண்டதுண்டு. ஜாகா இழுக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். திரையை உடனே அணைத்துவிட்டதாகத் தமக்குத்தாமே சொல்லியும்கொண்டார். அவருடைய 'உடனே' கொஞ்சம் நீளமானது.

வந்தவளின் பெயர் பிரவீனா. கெலாங் பாத்தாவில் சொந்தமாகக் கேமராத் தொழில் செய்கிறவள். முப்பதைத் தாண்டியிருப்பாள். காவல் அறைக்குள் நுழைந்து ஜாய்ஸ்டிக்குக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தூசியை ஊதினாள். பெருமூச்சு விட்டாள். மனோகரனும் குமரப்பனும் கதவின் இரு பக்கமும் துவாரபாலகர்கள் மாதிரி நின்றார்கள், ஒருவரை ஒருவர் பாராமல். தீமிதி வேலையாக மண்டபத்தில் இருந்த பெண்களில் சிலர் ராஜம்மாவோடு வந்து ஜன்னலருகே நின்றார்கள். சின்னத்தம்பியும் கஸ்தூரியும் வாசலுக்கு வெளியே, செருப்பு விடும் இடத்தில் நின்றுகொண்டார்கள். உள்ளே வா என்று யாரும் அவர்களைச் சொல்லவில்லை.

பிரவீனா ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள், கேமரா திரும்பியது. விட்டாள், நின்றது.

"பாத்தியாம்மா?" என்றார் மனோகரன். "நாங்கதான் சொல்றோமே. மெஷின் நல்லா இருக்கு."

"கார நிறுத்தி வச்சிருக்கறப்ப பிரேக்கு நல்லாத்தான் அங்கிள் இருக்கும்," என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமலே.

ஜன்னலருகே யாரோ சிரித்தார்கள். குமரப்பனும் சிரித்தார். மனோகரன் அதைக் குறித்துக்கொண்டார்.

அவள் மறுபடியும் தள்ளி, இம்முறை விடாமல் பிடித்திருந்தாள். திரையில் மண்டபம் போயிற்று, கோபுரம் போயிற்று, சாலையும் வெள்ளைக் கட்டடங்களும் போயின. கடைசியில் 'டக்' என்று ஒரு சத்தம். படம் நின்றது. தகரச் சுவர், நீல வாளி, தரையில் மஞ்சள் கறை.

ராஜம்மா உச்சுக்கொட்டினாள். "இதேதான். இப்பிடியேதான் நின்னுச்சு."

"இதுதான் ஆன்ட்டி இதோட எல்லை. உள்ள ஒரு தடுப்பு இருக்கு, இதுக்கு மேல திரும்பாது. யாரும் நிறுத்தலைன்னா இங்க வந்து முட்டிக்கிட்டு நிக்கும்."

"அது ஏன் நிக்காம போவுது? அவருதான் கையில புடிச்சிருந்தாரே?"

"தள்ளுனா 'போ'ன்னு ஒரு வார்த்தை கம்பியில போகும். விட்டா 'நில்லு'ன்னு ஒரு வார்த்தை போகும். 'நில்லு' போய்ச் சேரலைன்னா அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். யாரு கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது."

"ஏன் போய்ச் சேராது?"

"ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசினா யாரு பேச்சும் காதுல விழாதில்ல, அந்த மாதிரி. இதே கம்பியில வேற யாராவது அதே நேரத்துல பேசியிருக்கணும்."

மனோகரனின் காதில் ஜீவனின் குரல் கேட்டது. படிக்கட்டு, இரண்டு சுவிட்சு, ஒரு விளக்கு. சுவிட்சுகள் பேசுவதில்லை, ஜாய்ஸ்டிக்குகள் பேசும் என்பதை ஜீவன் சொல்லவில்லை. தாம் ஜாய்ஸ்டிக்கை விட்ட அந்த மாலைகள் வரிசையாக நினைவுக்கு வந்தன. இப்படி ஒரு நேரத்தில் நல்ல மனிதன் ஒருவனுக்கு என்ன தோன்றும் என்று தெரியவில்லை. மனோகரனுக்குத் தோன்றியது, தம் அறையின் ஜன்னல் திரையை இழுத்துவிட்டோமா என்பது. குமரப்பன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். வெயில் என்று மனோகரன் நினைத்தார். அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது.

பிரவீனா எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரை எடுத்தாள். கம்பி முனையில் இரண்டு ஊசிகளையும் வைத்துப் பார்த்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"இந்த மாதிரிக் கம்பிக்கு ரெண்டு முனைதான். இந்தப் பக்கம் ஜாய்ஸ்டிக், அந்தப் பக்கம் கேமரா. ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு ரெசிஸ்டர் இருக்கும். ரெண்டும் சேந்து மீட்டர்ல அறுபது காட்டணும்."

"இப்ப என்ன காட்டுது?" என்றார் குமரப்பன்.

"முப்பது."

"குறைஞ்சா நல்லதுதானேம்மா?" கடையில் விலைக்கழிவு கொடுத்தே பழகிய வாய்.

"இதுல முனை கூடக் கூட நம்பர் குறையும் அங்கிள். பாதியாச்சுன்னா முனை ரெண்டு மடங்காச்சுன்னு அர்த்தம். இந்தக் கம்பிக்கு நாலு முனை இருக்கு."

மனோகரன் மனத்துக்குள் எண்ணினார். காவல் அறை ஒன்று. கேமரா ஒன்று. தம் அறை ஒன்று. மூன்று. காப்புறுதிக்காரர், கூட்டலில் தவறு செய்யாதவர். ஆனாலும் மறுபடி எண்ணினார். மூன்றுதான் வந்தது.

நாலாவது யாருடையது?

கேள்வி முடியும் முன்பே அவர் தலை குமரப்பன் பக்கம் திரும்பியது. பல வருடங்களுக்குப் பிறகு அவரை முகத்துக்கு நேராகப் பார்த்தார். குமரப்பன் அதே நேரத்தில் மனோகரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகளும் அப்போதுதான் எண்ணி முடித்திருந்தன.

"போதும்மா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அந்தப் பழைய கம்பியப் போய் நோண்டிக்கிட்டு," என்றார் குமரப்பன். "புதுசா ஒண்ணு இழுத்துடும்மா. இன்னிக்கே இழுத்துடு. எல்லாம் சரியாயிடும்."

"தலைவர் சொல்றது ரொம்பச் சரி," என்றார் மனோகரன்.

ராஜம்மா இந்தக் கோயிலில் பிறந்து வளர்ந்தவள். 'தலைவர் சொல்றது சரி' என்று மனோகரன் வாயால் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அப்போது வாசலுக்கு வெளியிலிருந்து சின்னத்தம்பி பேசினார். குரலை உயர்த்தவில்லை. "புதுக் கம்பி போட்டா, பழைய பழி என் மேலதானே நிக்கும் சார்?"

மனோகரன் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பதில் இல்லை.

"தங்கச்சி," என்றாள் ராஜம்மா. "நீ தேடும்மா. நாலு முனையும் எங்க எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு. உனக்குச் சாப்பாடு நான் போடுறேன்."

பிரவீனா கம்பியின் முனையில் சிறிய பெட்டி ஒன்றை மாட்டினாள். பேனா போல ஒன்றைக் கையில் எடுத்தாள். கம்பிக்கு அருகே கொண்டுபோனால் அது குருவி மாதிரி கீச்சிட்டது, விலக்கினால் அடங்கியது. சுவரில் பதித்த கம்பி எந்த வழியில் போகிறது என்று அந்தக் குருவி சொல்லிவிடும். அவள் சுவரோரமாக நடந்தாள். பின்னால் ராஜம்மா, அவளுக்குப் பின்னால் பூத்தட்டும் கத்தரிக்கோலுமாகப் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் இரண்டு நிர்வாகிகள், எல்லோருக்கும் கடைசியில், இப்போது வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட சின்னத்தம்பியும் கஸ்தூரியும். அம்மன் ஊர்வலத்தில்கூட இந்தக் கோயிலில் யாரும் இவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

மண்டபத்துப் படிக்கட்டின் கீழே, பழைய கலண்டருக்குப் பின்னால், ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. பிரவீனா மூடியைத் திறந்தாள். உள்ளே கேமராக் கம்பியோடு இரண்டு கிளைகள் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிக் கிடந்தன.

"ரெண்டும் ஒரே கைதான் கட்டியிருக்கு," என்றாள். "டேப்ப எப்படி மடிச்சிருக்கார் பாருங்க. ரெண்டுலயும் அதே மடிப்பு."

மனோகரனுக்கு அந்த மடிப்பைத் தெரியும். தம் வீட்டு மின்விசிறியிலும் அது இருக்கிறது. யாருக்கும் தெரியாது என்று ஜீவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. தலைவருக்கும் அவன் கட்டிக்கொடுத்தது அவருக்கும்தான் தெரியாமல் இருந்தது. படியின் மேல் ஒரு காலை வைத்து நின்ற குமரப்பனும் அந்த டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார், நெருங்கிய உறவினரின் கடிதத்தைப் பிறர் வீட்டில் பார்த்துவிட்டவர் போல.

முதல் கிளையைத் தொடர்ந்து குருவி கீச்சிட்டுக்கொண்டே போயிற்று. 'செயலாளர்' என்று பித்தளைப் பலகை மாட்டிய கதவின் மேல்மூலையில், கம்பி உள்ளே நுழையும் ஓட்டைக்கு அருகில் அது விடாமல் கத்தியது.

"சாவி, அங்கிள்?"

"வீட்டுல இருக்கு."

"செயலாளர் ஆபீஸ் சாவி செயலாளர்கிட்ட இல்லியா?" என்றாள் ராஜம்மா.

"இன்னிக்கி சட்ட மாத்திட்டு வந்தேன்."

குமரப்பனுக்கு இந்த இடத்தில் நாக்கைக் கட்டுப்படுத்த முடியவில்லை. எத்தனை வருட ஆசை. "பொதுச்சொத்து பாருங்க," என்று அவர் பெண்கள் பக்கம் திரும்பினார். "மக்கள் கேக்கும்போது திறந்து காட்டுறதுதான் முறை. பூட்ட உடைச்சாலும் தப்பில்ல. உடைச்சா நான் புதுப் பூட்டு வாங்கித் தரேன்."

"இன்னும் ஒரு முனை பாக்கி இருக்கு தலைவரே," என்றார் மனோகரன். சுவரைப் பார்த்து அல்ல, அவரைப் பார்த்தே சொன்னார்.

"ஆமா, இன்னொண்ணு இருக்கு," என்றாள் பிரவீனா. குருவி படியேறியது. மாடியில் ஒரே ஒரு அறைதான். அதில் ஒரே ஒரு பலகைதான், 'தலைவர்' என்று. குருவி அங்கே போய் நின்று கத்தியபோது குமரப்பன் படியின் பாதியில்தான் இருந்தார்.

"சாவி டிரைவர்கிட்ட," என்றார் அங்கிருந்தே. "அவன் ஆயர் ஈத்தாம் டவுனுக்குப் போயிருக்கான். பூச்சாடி வாங்க."

"அப்ப காரை இன்னிக்கி யாரு ஓட்டிட்டு வந்தா தலைவரே?" என்றாள் ராஜம்மா.

"நான்தான்."

"டிரைவரு ஆயர் ஈத்தாமுக்கு நடந்தா போனாரு?"

பெண்கள் சிரித்தார்கள். முதலில் ஒருத்தி, பிறகு எல்லோரும். மண்டபத்தின் உயரமான கூரை அந்தச் சிரிப்பை வாங்கிக்கொண்டு இன்னும் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தது. மனோகரன் காத்திருந்தார். இனி வசை வரும், கதவை உடைப்பார்கள், தம் சட்டையைப் பிடிப்பார்கள். அதற்கெல்லாம் பதில்களை அவர் தயாரித்தும் வைத்திருந்தார். கோயிலின் பாதுகாப்பு, நிர்வாகப் பொறுப்பு, சந்தேகத்துக்குரிய நடமாட்டம். ஆனால் ராஜம்மா அவரிடம் எதுவும் கேட்கவில்லை.

"திறக்க வேணாம் விடுங்க," என்று மற்றப் பெண்களிடம் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் சாவி இல்லியாம். இதுக்கு மேல என்ன தெரியணும்?"

அவள் படியிறங்கி, தூணோரம் நின்ற சின்னத்தம்பிக்கு எதிரில் வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். சண்டைக்குப் போகும்போது அவள் அப்படித்தான் செய்வாள். இதற்கும் அதே தைரியம் தேவைப்பட்டது போலும்.

"தம்பி, உங்களப் பத்தி நான் பேசுனதெல்லாம் தப்பு. அன்னிக்கி எல்லார் முன்னாலயும் பேசுனேன். இப்பவும் எல்லார் முன்னாலயும்தான் சொல்றேன்."

சின்னத்தம்பி தலையாட்டினார். கஸ்தூரி அப்படி விடுவதாக இல்லை.

"நாங்க கேட்டுக்கிட்டோம் அக்கா. என் மக பள்ளிக்கூடத்துல யாரு சொல்றது?"

ராஜம்மா கஸ்தூரியின் பக்கம் திரும்பினாள். "நான் வரேன். திங்கக்கிழமை காலைல அவள நான்தான் கூட்டிட்டுப் போறேன். எவ அப்பிடிக் கூப்புட்டாளோ அவ அம்மாவையும் எனக்குத் தெரியும்."

பிரவீனா பெட்டிக்குள் கையை விட்டு இரண்டு கிளைகளையும் வெட்டினாள். டேப் மடிப்புகளோடு அவை தரையில் விழுந்தன. காவல் அறைக்குப் போய் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து, "அறுபது," என்றாள். அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் பெருமை எதுவும் இல்லை. இரண்டு பெரிய மனிதர்கள் விளையாடிய இடத்தைக் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போகிறவளின் அலுப்புதான் இருந்தது. "இனிமே நில்லுன்னா நிக்கும். அந்தத் தகரத்துக்கு மேல ஒரு கூரையும் போட்டுடுங்க ஆன்ட்டி. மெஷின நம்ப வேணாம்."

நிலைமை தெளிந்துவிட்டது, இனித் தலைமை தாங்கலாம் என்று மனோகரனுக்குத் தோன்றியது. தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார். "சரி, சின்னத்தம்பி. நடந்தது நடந்திடுச்சு. நிர்வாகம் பெருந்தன்மையா முடிவு பண்ணியிருக்கு. திங்கக்கிழமையிலேர்ந்து நீ டூட்டிக்கு வந்திடலாம்."

சின்னத்தம்பி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இவ்வளவு நேரமும் உயராத குரல் இப்போது நன்றாகவே உயர்ந்தது.

"வரேன் சார். உங்க ரெண்டு பேருக்கும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கணும்னு அவ்ளோ ஆசையா இருந்தா, பூட்டிக்கிட்டு உக்கார வேணாம்லா. என் ரூமுக்கு வாங்க. ரெண்டு நாக்காலி போடுறேன். டீயும் தரேன்."

சிரிப்பு மறுபடியும் கூரைக்குப் போய்த் திரும்பியது. இம்முறை கஸ்தூரியும் சிரித்தாள், வாயை மூடிக்கொள்ளாமல். பெண்கள் பூத்தட்டுகளோடு மண்டபத்துக்குள் திரும்பினார்கள். ராஜம்மா பிரவீனாவின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சின்னத்தம்பி வாசலருகே போய்த் தம் பழைய நாற்காலியைத் தட்டித் தூசி போக்கினார்.

படியடியில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். தங்களை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது மனோகரனுக்கு வசையைவிடக் கஷ்டமாக இருந்தது. யாரும் திட்டக்கூட இல்லை. திட்டு வாங்குவதற்கும் ஓர் ஆளாக இருக்க வேண்டும் அல்லவா.

"நாளைக்கிக் கூட்டத்துல என்ன சொல்றது?" என்று கேட்டார்.

குமரப்பன் கைக்குட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அவர் ஏற்கெனவே யோசித்து முடித்திருந்தார். "மின்னல்," என்றார்.

"மின்னலா?"

"மின்னல் அடிச்சு வயரெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்திடுச்சு. வந்து பாத்த பொண்ணு சரி பண்ணிட்டுப் போயிடுச்சு. முடிஞ்சது."

மனோகரன் யோசித்தார். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதில் ஓட்டை தெரியவில்லை. "எந்தத் தேதின்னு போடுறது?"

"ஏதாவது ஒரு தேதியப் போடுங்க. ஜொகூர்ல மின்னல் அடிக்காத நாள் எது?"

"சரி," என்றார் மனோகரன். "நீங்க முன்மொழியுங்க. நான் வழிமொழியறேன்."

குமரப்பன் தலையசைத்தார். பிறகு, யாரும் பார்க்காதபோது போகலாம் என்று இருவரும் படியடி நிழலில் சற்று நேரம் நின்றார்கள். மண்டபத்துக்குள் ராஜம்மா, டிரைவர் ஆயர் ஈத்தாமுக்கு நடந்துபோன கதையை அப்போதுதான் வந்து சேர்ந்த யாருக்கோ முதலிலிருந்து சொல்லத் தொடங்கியிருந்தாள்.